வெள்ள நாரைக்கு பிளஸ்ஸா மைனஸ்ஸா? கேமரா மீட்டரிங் கொஞ்சம் பேசுவோம்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு கேமராவோட போற ஆளுவ நெறைய பேரு கேக்குத கேள்வி இதுதான், "அண்ணாச்சி, ஒரு படத்துல நாரை சாம்பலா இருக்கு, அடுத்த படத்துல றெக்கை வரியே தெரியாம வெளுத்துப் போயி இருக்கு, அதே பறவ அதே வெயிலு, கேமரா போயிட்டா?" கேமராலாம் போகல. மீட்டர் அதுக்கு தெரிஞ்ச வேலைய ஒழுங்காத்தான் பாத்திருக்கு.

கேமராக்குள்ள இருக்க மீட்டர், பொருள் மேல எவ்ளோ வெளிச்சம் விழுதுன்னு அளக்காது, பொருள்ல பட்டு திரும்பி லென்ஸ் வழியா உள்ள வார வெளிச்சத்ததான் அளக்கு. எதிர நிக்கது வேட்டியா கருங்கல்லான்னு அதுக்கு வெவரம் பத்தாது, அதனால எது வந்தாலும் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா நடுத்தர சாம்பல் நெறம் வரும்னு நெனைச்சிக்கிடும், கடையில விக்க 18 சதவீத கிரே கார்டு இருக்குல்லா, ஏறத்தாழ அந்த நெறம். பிரேம் முழுக்க வெள்ள வேட்டி இருந்தா வெளிச்சத்த குறைச்சி சாம்பலாக்கும், முழுக்க கருங்கல் இருந்தா கூட்டி சாம்பலாக்கும். அதனால வெள்ளைக்கு பிளஸ், கருப்புக்கு மைனஸ்னு எல்லா வீடியோலயும் சொல்லுதாங்க. மீட்டர் சொன்ன வெளிச்சத்த நாம கூட்டிக் கொறைக்க அமைப்புக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு பேரு, அதுல பிளஸ் 1 வச்சா ரெண்டு மடங்கு வெளிச்சம், மைனஸ் 1 வச்சா பாதி.

இத மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு கூந்தன்குளம் போனா மாட்டிக்கிடுவீங்க. மஞ்சள்மூக்கு நாரை கருவேல மரத்துல கூடு கட்டி உக்காந்திருக்கும், பிரேம்ல பறவ சின்னது, மிச்சம் பூரா கரும்பச்ச இலையும் நெழலும். மீட்டர் அந்த இருட்டத்தான் அதிகமா பாக்கு, சரி வெளிச்சத்த ஏத்துவோம்னு ஏத்திரும், வெள்ள றெக்கை வெந்துபோவும், அதாவது வரி தெரியாம வெளுத்துப் போவும். வெள்ள பறவைதான், ஆனா இங்க மைனஸ், முக்கால்ல இருந்து ஒண்ணரை வர எறக்கணும். அதே நாரை கெளம்பி வெளுத்த வானத்துக்கு முன்னால பறந்தா மீட்டர் வானத்த சாம்பலாக்கப் பாக்கும், பறவ கறுத்துப் போவும், இப்ப பிளஸ் ஒண்ணு, சமயத்துல ஒண்ணே முக்கால். அதனால பொருள் என்ன நெறம்னு கேக்காதீங்க, பிரேம்ல அதிகமா எடத்த அடைச்சிருக்கது என்ன நெறம்னு கேளுங்க.

ஆனா மரத்துலயும் வானத்துலயும் பறவ மேல விழுத வெயிலு ஒண்ணுதான? அப்ப எக்ஸ்போஷர் எதுக்கு மாறணும்? இதுக்குத்தான் பறவ எடுக்கவங்க எல்லாத்தையும் நாமளே வைக்க மேனுவல் மோடுக்கு (எம்) போயிருதாங்க. நல்ல வெயில்ல லென்ஸ் தொறப்ப எஃப் 16ல வச்சா ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்துக்கு எவ்ளோ கூர்மைன்னு சொல்லுத எண்) நம்பர்தான்னு ஒரு பழைய கணக்கு உண்டு, ஐஎஸ்ஓ 100ன்னா செகண்ட்ல 100ல ஒரு பங்கு. எஃப் 5.6க்கு தொறந்து ஐஎஸ்ஓ 400 வச்சா அது 3200ல ஒரு பங்கா வரும். கரண்டிவாயன் மாதிரி முழு வெள்ள பறவைக்கு இன்னும் கொஞ்சம் எறக்கி 4000ல வச்சி ஒரு படம் எடுங்க, பிளேபேக்ல ஹைலைட் வார்னிங்க ஆன் பண்ணுங்க, றெக்கை மினுக்கு மினுக்குன்னு மின்னுனா வெந்துட்டுன்னு அர்த்தம், இன்னும் எறக்குங்க. காலைல வெயிலு இளசா இருக்கும்போது கூட்டிக்கிடுங்க. ரா (RAW) ஃபைலா, அதாவது கேமரா சுருக்காத மூலப் படமா எடுத்தா தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, ஓரளவுக்குத்தான் மீட்டு எடுக்க முடியும், செவப்பு, பச்ச, நீலம்னு மூணு நெற சேனலும் வெந்த எடத்துல ஒண்ணுமே இருக்காது.

மீட்டர் பிரேம்ல எந்த எடத்த பாக்கணும்னு சொல்லுத மீட்டரிங் மோடு விஷயத்துக்கு வருவோம். மேட்ரிக்ஸ், கேனான்ல எவாலுவேட்டிவ், பிரேம பல கட்டமா பிரிச்சி பாக்கும், 1983ல நிக்கான் எஃப்ஏ கேமராவுல வந்தது இது, முக்காவாசி வேலைக்கு இதுவே போதும். சென்டர் வெயிட்டட் நடுவுக்கு மரியாத குடுக்கும், நான் தொடுததே இல்ல. ஸ்பாட் ஒரு சின்ன வட்டத்த மட்டும் பாக்கும், நிக்கான்ல அது போக்கஸ் பாயிண்ட் கூடயே நகரும், கேனான்ல நெறைய மாடல்ல நடுவுலதான் நிக்கும், இது தெரியாம ஓரத்துல ஆள வச்சிட்டு ஸ்பாட் சரியில்லன்னு சொல்லுதவங்க உண்டு.

ஸ்பாட் எங்க ஒதவும்னா கிருஷ்ணாபுரம் கோயில் சிலைக்கு. படம் எடுக்கலாமான்னு மொதல்ல அங்க கேட்டுக்கிடுங்க. கல்லு கருப்பு, மண்டபத்துக்குள்ள இருட்டு, தூணுக்கு பின்னால முற்றத்துல வெயிலு கொளுத்துது. மேட்ரிக்ஸ் அந்த வெயில பாத்து சிலைய கருக்கிரும். ஸ்பாட்ல சிலையோட கன்னத்துல வெளிச்சம் படுத எடத்த அளந்து மைனஸ் 1ல வச்சி, அளந்த வெளிச்சத்த மாறாம புடிச்சி வைக்க ஏஇ லாக் பட்டன அமுக்கிட்டு பிரேம திருப்பிக்கிடுங்க. கல்லு கல்லாட்டமே இருக்கும், முற்றம் வெந்தா வேகட்டும், நாம அதுக்கா போனோம்?

கல்யாண வீட்லயும் அதேதான், மொகத்துல அளங்க, நம்ம ஊரு நெறத்துக்கு பெரும்பாலும் சைபர்லயே சரியா நிக்கும், நல்ல கருப்பா இருந்தா மைனஸ் அரை. மாப்பிளைய செவப்பாக்குதேன்னு பிளஸ்ஸ ஏத்துத பழக்கம் சில பேர்ட்ட இருக்கு, எனக்கு அது புடிக்காது, மனுசன் நெறமும் போயி பட்டு வேட்டி கரையும் போயிருது.

தேரிக்காட்டு செம்மண்ணுல ஒரு வில்லங்கம், படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோன்னு காட்டுத சாதா ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியா இருக்கும் ஆனா செவப்பு சேனல் மட்டும் முட்டிக்கிடும், அதனால மூணு நெறத்தையும் தனித்தனியா காட்டுத ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம பாருங்க. செவப்பு பட்டுச் சேலைக்கும் இதேதான்.

போன்ல எடுக்கவங்க மொகத்துல அமுக்கிப் புடிச்சா லாக் ஆவும், அப்புறம் சூரியன் அடையாளத்த மேல கீழ இழுத்தா அதான் காம்பன்சேஷன், பெரும்பாலான போன்ல இப்டித்தான். கேமராவுல எம் மோடு வச்சி ஐஎஸ்ஓவையும் நீங்களே வச்சிட்டா காம்பன்சேஷன் டயல திருப்புனாலும் படத்துல ஒண்ணும் மாறாது, டயல் ரிப்பேருன்னு கடைக்கு தூக்கிட்டு போயிராதீங்க.