டிஸ்லெக்ஸியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்: துண்டு போட்டுக் கொடுங்கள்

நீளமான ஆங்கிலச் சொல்லை அப்படியே வாசிக்கச் சொல்லாதீர்கள். அசை அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு வளைவு போடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மீதியை மறைத்து, ஒவ்வொரு துண்டாகத் திறந்து காட்டுங்கள். 'ஃபேன்டாஸ்டிக்' (fantastic) என்றால் ஃபேன், டாஸ், டிக். அப்புறம் சேர்த்துச் சொல்லட்டும்.

தமிழில் 'கா' என்ற எழுத்திலேயே மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த ஒட்டும் வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். 'fantastic' என்ற சொல்லில் 9 ஆங்கில எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தின் ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும். மூன்று துண்டு என்றால் தாங்கும். டிக்டேஷனுக்கும் இதே முறைதான்: துண்டுக்கு ஒரு கைதட்டு, பிறகு எழுதுவது. பத்து முறை இம்போசிஷன் எழுத வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

'நைஃப்' (knife), 'ஐலண்ட்' (island) போல ஒலிக்காத எழுத்து ஒளிந்திருக்கும் சொற்களுக்கு இது உதவாது. அவற்றை முழுசாகத்தான் பழக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் ஒலியை நம்பிய இந்த வழி அவ்வளவாகப் பொருந்தாது. சரளமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டால் அட்டையை எடுத்துவிடுங்கள், வேகத்தைக் கெடுக்கும்.