‘ஓல்டு ஜட்ஜ்’ பேஸ்பால் அட்டைகளில் அரிய வகைகளை இனங்காணும் முறை

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1887 முதல் 1890 வரை ‘ஓல்டு ஜட்ஜ்’ சிகரெட்டுடன் வழங்கிய பேஸ்பால் அட்டைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் பலவிதத் தோற்றங்களில் இடம்பெற்றிருக்கிறார்கள். அட்டை சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக் தொகுத்த அமெரிக்க அட்டைப் பட்டியலில் இவற்றின் குறியீடு என்172. அதில் ‘என்’ என்ற எழுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகளைச் சுட்டுகிறது. ஒரே ஆட்டக்காரரின் ஒரே தோற்றம்கூட வெவ்வேறு வாசகங்களுடன் வெளிவந்திருப்பதால், அரிய வகையைத் தேடுபவர் முகத்தைவிட முகத்தின் கீழுள்ள எழுத்துகளையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன் அட்டை அசல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இவை அச்சு இயந்திரத்தில் அச்சிடப்பட்டவை அல்ல. முட்டை வெண்கரு பூசிய தாளில் எடுத்த உண்மையான புகைப்படங்கள், சுமார் ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குல உயரமும் உள்ள கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தால் அசலில் நிழலும் ஒளியும் இடைவெளியின்றிக் கலந்திருக்கும். சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீல வெண்மையாகப் பளிச்சிட்டாலும் ஐயப்பட வேண்டும். தாளுக்கு வெண்மையூட்டும் அத்தகைய வேதிப்பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன.

அடுத்து, தோற்றத்தைத் துல்லியமாக விவரித்து எழுதிக்கொள்ளுங்கள். படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள், தீட்டிய திரைச்சீலையின் முன் எடுக்கப்பட்டவை; பந்து பறப்பதுபோல் காட்ட அதை நூலில் தொங்கவிட்டார்கள், பல அட்டைகளில் அந்த நூல் இன்றும் தெரிகிறது. மட்டை எந்தத் தோளில் இருக்கிறது, கைகள் இடுப்பளவில் உள்ளனவா மார்பளவிலா, பந்து எந்த உயரத்தில் தொங்குகிறது என்பன போன்ற நுட்பங்களே ஒரு தோற்றத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன.

பிறகு வாசகத்துக்கு வாருங்கள். எழுத்துகளும் படத்தோடு சேர்த்தே புகைப்படமாக்கப்பட்டவை என்பதால், ஆட்டக்காரர் அணி மாறியபோது பழைய படத்துக்குப் புதிய அணியின் பெயரைச் சேர்த்து மறுபடியும் வெளியிட முடிந்தது. ஆகவே பெயரின் எழுத்துக்கூட்டல், அணி, நகரம், ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் இடம், எண், பதிப்புரிமைக் குறிப்பு, கையெழுத்து வடிவமா அச்செழுத்து வடிவமா என்பது வரை நிறுத்தக்குறிகளோடு அப்படியே படியெடுத்து, அதே தோற்றத்தின் பிற அட்டைகளோடு ஒப்பிட வேண்டும். என் மதிப்பில் இந்தப் பொறுமையான படியெடுப்பே முழு வேலையிலும் முதன்மையானது.

சில குழுக்கள் தொடக்கத்திலேயே கவனத்தை ஈர்க்க வேண்டியவை. நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள் புள்ளியிட்ட கழுத்துப்பட்டையுடன் தோன்றும் அட்டைகள் மிக அரியவை. கலிபோர்னியா லீக் ஆட்டக்காரர்களின் அட்டைகளும் அவ்வாறே. 1886-ஆம் ஆண்டு உலகத் தொடரில் சிகாகோவை வென்ற செயின்ட் லூயிஸ் அணியினரை ‘பிரவுன்ஸ் சாம்பியன்ஸ்’ என்று குறிக்கும் அட்டைகள் தனிக் குழுவாகச் சேகரிக்கப்படுகின்றன. 1890-இல் ஜான் மாண்ட்கோமரி வார்டு முதலிய ஆட்டக்காரர்கள் முன்னின்று நடத்தி ஒரே பருவத்தோடு நின்றுபோன பிளேயர்ஸ் லீக்கின் சுருக்கமான ‘பி.எல்.’, அணிப் பெயருக்குப் பின் காணப்பட்டால் அந்த அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன் சாதாரண உடையில் இருக்கும் அட்டை அவ்வப்போது விற்பனைக்கு வரும். அவர் அணிச் சீருடையில் இருப்பது இந்தத் தொடரிலேயே மிகவும் தேடப்படுவனவற்றுள் ஒன்று. படம் ஒன்றாக இருந்தும் வாசகத்தில் குட்வினின் மற்றொரு சிகரெட்டான ‘ஜிப்சி குயின்’ பெயர் இருந்தால், அது என்175 என்னும் வேறு தொடர். பொதுவாக ஓல்டு ஜட்ஜைவிடக் குறைவாகவே கிடைப்பது.

எழுத்து மங்கியிருப்பதை மட்டும் வைத்து அரிய வகை என்று கொள்ளக் கூடாது. இந்தப் புகைப்படங்கள் ஒளிபட்டு வெளிறும்போது மெல்லிய எழுத்துகள் முதலில் மறையும் என்பதால், பெயரோ எண்ணோ இல்லாத அட்டை என்று விற்கப்படுவது பல வேளைகளில் வெளிறிய அட்டையாகவே இருக்கும். சாய்வான ஒளியிலும் லென்ஸிலும் எழுத்தின் தடத்தைத் தேடுங்கள். விளிம்பு வெட்டப்பட்டிருந்தால் வாசகத்தின் கடைசி வரியும் அதோடு போயிருக்கலாம். அளவுகோல் வைத்து உயரத்தை அளந்து, படத்தின் அடியில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று பார்த்த பின்னரே ‘வாசகம் இல்லாத வகை’ என்று பதிவு செய்யலாம்.