3டி படத்தில் முதலில் வெயிலைப் பாருங்கள்

வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எலிவேஷன் படம்தான். முன்பக்கம் எப்படித் தெரியும், என்ன கலர் அடிக்கலாம், எங்கே டைல்ஸ் ஒட்டலாம். திருச்சியில் பிளான் வரைந்து 3டி படமும் செய்து தருவது என் தொழில். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் மே மாத மாலையில் ஹாலில் உட்கார முடியுமா, கட்டில் போட்டபின் பீரோ கதவு திறக்குமா, வயதானவர்கள் சிரமமில்லாமல் படியேறுவார்களா என்பதையெல்லாம் அஸ்திவாரம் தோண்டும் முன்பே அதே 3டியில் பார்த்துவிடலாம். வீட்டுக்காரர்களே செய்யக்கூடிய வேலை இது.

ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருள் போதும். சாதாரண லேப்டாப்பில் ஓடும். அளவை அடி, இஞ்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜினியர் கொடுத்த பிளானைப் படமெடுத்துப் பின்னணியாக வைத்து, அதில் தெரிந்த ஒரு அளவைக் காட்டிவிட்டால் அதன் மேலேயே சுவர் வரையலாம். உதாரணத்துக்கு, எங்கள் பக்கம் அடிக்கடி வரும் 30க்கு 40 மனை, மேற்குப் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம்.

வரைவதற்கு முன் மனையில் டேப் பிடியுங்கள். நாலு பக்கமும் அளந்தால் மட்டும் போதாது, குறுக்காக இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். மூலைகள் சரியாக இருந்தால் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 51, இன்னொன்று 49 என்றால் மனை கோணல். பத்திரத்தில் என்ன போட்டிருந்தாலும் நிலத்தில் உள்ளபடியே வரையுங்கள். வெளிச்சுவர் 9 இஞ்ச், உள் தடுப்பு நாலரை இஞ்ச் என்று சுவரின் கனத்தையும் கொடுங்கள். கனம் விட்டுப்போனால் ஒவ்வொரு அறையும் படத்தில் உள்ளதைவிடச் சிறியதாகத்தான் வந்து நிற்கும்.

அப்புறம் திசை. மனையின் நடுவில், வண்டிக்கும் இரும்பு கேட்டுக்கும் தள்ளி நின்று போனில் காம்பஸ் பாருங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, இந்த வேலைக்கு அது பாதிக்காது. மென்பொருளில் இருக்கும் காம்பஸை அதே கோணத்துக்குத் திருப்பி, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் நேர மண்டலத்தையும் கொடுங்கள். திருச்சிக்கு வடக்கு 10.8, கிழக்கு 78.7. இதைச் செய்யாமல் விட்டால் படத்தில் விழும் நிழல் வேறு ஏதோ ஊரின் நிழல்.

இனி மென்பொருளில் படம் எடுக்கும் இடத்தில் தரத்தை உயர்த்தி வையுங்கள், தேதியும் நேரமும் கேட்கும். மே 15, மாலை 4 மணி கொடுங்கள். நம் வீட்டின் ஹால் ஜன்னல் மேற்கே தெருவைப் பார்க்கிறது, உயரம் 4 அடி, மேலே 2 அடி சன்ஷேடு. அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒன்றரை அடிகூட இறங்காது. 5 மணிக்கு மாற்றினால் வெறும் முக்கால் அடி. மீதி ஜன்னல் முழுக்க வெயில், அது நேராக சோபா மேல் விழும். டிசம்பர் நடுப்பகலில் அதே 2 அடி சன்ஷேடு தெற்கு ஜன்னலுக்கு ஏறக்குறைய 3 அடி நிழல் தருகிறது. மேற்குக்கு எவ்வளவு நீட்டினாலும் பத்தாது என்று நான் வாயால் சொல்லும்போது யாரும் அசைவதில்லை, இந்தப் படத்தைப் பார்த்ததும் பிளானை மாற்றச் சம்மதிக்கிறார்கள்.

என்ன மாற்றலாம்? 8 அடி ஆழமுள்ள போர்டிகோவை அந்த ஜன்னலுக்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள். அதன் மேல்தளம் 10 அடி உயரத்தில் இருந்தால் 4 மணிக்கு ஜன்னலில் மூன்றில் இரண்டு பங்கு நிழலுக்குள் வந்துவிடும். படிக்கட்டையும் பாத்ரூமையும் மேற்குச் சுவரோடு வைத்தால் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கையறை தப்பிக்கும். பாண்டிச்சேரியில் அன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியில் நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்கள் முழுக்கத் திறந்து மூடும் கிடைப்பலகைகள். வெயில் கீழாக வரும் கிழக்கு, மேற்குப் பக்கங்களைக் குறுகலாக வைத்திருக்கிறார். அந்தப் பாடம் 30க்கு 40 மனைக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நாலாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜூன் 21 போட்டுப் பாருங்கள், தெரியும்.

சாமான்களை மென்பொருளில் உள்ள அளவிலேயே விடக்கூடாது. உங்கள் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள். 10க்கு 12 அறையில் 6க்கு ஆறரை கட்டில் போட்டால் அகலவாக்கில் மீதி 4 அடிதான். அதில் ஒன்றரை அடி ஆழ பீரோ நின்றால் நடக்க இரண்டரை அடி. அந்த இரண்டரை அடிக்குள்தான் பீரோ கதவும் திறக்க வேண்டும்.

படிக்கட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மென்பொருளில் உள்ள படிக்கட்டை இழுத்துச் சுருக்கினால் அது எந்த எச்சரிக்கையும் தராமல் சுருங்கும், படிகளும் சேர்ந்து குறுகும். அதனால் கணக்கைக் கையால் போடுங்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 126 இஞ்ச். ஒரு படி 6 இஞ்ச் உயரம் என்றால் 21 ஏற்றம். கால் வைக்கும் மிதி 10 இஞ்ச், நடுவில் 3 அடி லேண்டிங், அதாவது திரும்பும் மேடை, வைத்துத் திருப்பினால் ஆறரை அடிக்குப் பதினொன்றரை அடி இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் வேறு அறையில் குறையுங்கள், படியில் கை வைக்காதீர்கள். தலைக்கு மேல் 7 அடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

3டியில் வீட்டுக்குள் நடந்து பார்க்கும்போது கண் உயரத்தை 5 அடியில் வையுங்கள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் உயரமான மூன்றே முக்கால் அடிக்கு இறக்குங்கள். பார்வைக் கோணத்தை அகலமாக்க வேண்டாம். அகலக் கோணத்தில் பத்தடி அறையும் கல்யாண மண்டபமாகத் தெரியும். இரவு நேர விளக்கு வெளிச்சப் படங்களை நான் கடைசியில்தான் காட்டுவேன், அதில் எந்தக் குறையும் கண்ணுக்குப் படாது.

எல்லாம் முடிந்ததும் கோலமாவு எடுத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். ஹாலையும் ஒரு படுக்கையறையையும் உண்மை அளவில் தரையில் கோடு போட்டு, வீட்டில் எல்லோரையும் உள்ளே நிற்கச் சொல்லுங்கள். திரையில் போதும் என்று பட்ட அறை அங்கே நின்றால் நெருக்கமாகத் தோன்றலாம். அப்படியானால் பிளானைத் திருத்துங்கள்.

3டி படத்தை மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். அதில் அளவு இருக்காது. திருத்தியதை இன்ஜினியரிடம் காட்டி, தூண், பீம் எதுவும் இடிக்கவில்லை என்று உறுதி செய்தபின், சில் (ஜன்னலின் அடி விளிம்பு) உயரம், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் வரும் விட்டம்) உயரம், சன்ஷேடு நீளம், ஒவ்வொரு சுவரின் கனம் எல்லாம் எழுதிய வரைபடத்தை வாங்கி அதைக் கொடுங்கள்.