காசில்டவுன் மாளிகையை எப்படிப் பார்ப்பது

காசில்டவுனுக்குப் போனால் வந்த வேகத்தில் வாசற்படி ஏறி உள்ளே போய்விடாதீர்கள். அயர்லாந்தின் பெரிய நாட்டுப்புற மாளிகை எதற்குப் போனாலும் இதையேதான் சொல்வேன். பூ வேலைப்பாட்டையும் சரவிளக்கையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் இது யார் பணம், யார் கை, எந்தத் தலைமுறை வேலை என்று கேட்டுக்கொண்டே நடந்தால்தான் வீடு பிடிபடும்.

டப்ளினுக்கு மேற்கே கில்டேர் மாவட்டத்தில் செல்பிரிட்ஜ் என்ற ஊரில் இருக்கிறது. கடைத்தெருவின் முனையில் உள்ள வாயில் வழியாக, மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையில் நடந்தே போங்கள். வீடு தெரிந்ததும் லிஃபி ஆற்றுப் பக்கம், அதாவது தெற்கே, புல்வெளியில் கொஞ்சம் இறங்கி நின்று திரும்பிப் பாருங்கள். நடுவில் மூன்று மாடி, குறுக்கே 13 சன்னல், முன்னால் துருத்தி நிற்கும் பெரிய தூண் முகப்பு எதுவும் இல்லாமல் தட்டையான சுவர். ரோம் நகரத் தெருவில் நிற்கவேண்டிய மாளிகையைக் கொண்டுவந்து அயர்லாந்துப் பசும்புல்லில் வைத்திருக்கிறார்கள். இந்த முகப்பை வடிவமைத்தவர் இத்தாலியரான அலெசாந்த்ரோ கலிலேய். அவர் அயர்லாந்தில் அதிக காலம் தங்கவில்லை, 1722இல் கட்டத் தொடங்கும் முன்பே போய்விட்டார்.

இப்போது கண்ணை இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள். நடு வீட்டிலிருந்து வளைந்து போகும் தூண் வரிசைகள் இரண்டு தனிக் கட்டடங்களில் போய் முடிகின்றன, மேற்கில் சமையல் கட்டு, கிழக்கில் குதிரை லாயம். இது பெரும்பாலும் எட்வர்ட் லவெட் பியர்ஸின் கை. 1724 வாக்கில் பொறுப்பேற்ற இந்த இளைஞர்தான் பிறகு டப்ளினில் அயர்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தையும் வடிவமைத்தார். வேலை நடக்கும் இடங்களை மறைக்காமல் வீட்டின் அழகிலேயே சேர்த்துவிட்ட இந்த அமைப்பை அயர்லாந்தில் முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது காசில்டவுன்தான், அப்புறம் பல பண்ணையார் வீடுகள் இதைப் பின்பற்றின.

பணம் யாருடையது? வில்லியம் கொனொலி, டோனகலில் சத்திரம் நடத்தியவரின் மகன். 1690களில், போரில் தோற்றுப்போன கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலங்களை வாங்கி விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தார், 1715 முதல் நாடாளுமன்ற சபாநாயகர். கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கவே சட்டம் தடை போட்டிருந்த காலம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காவிட்டால் இந்த முகப்பு வெறும் அழகாக மட்டும் தெரியும், அது போதாது.

சரி, உள்ளே போகலாம். கொனொலி 1729இல் இறந்தபோது உள்வேலை பாக்கி, பெரிய படிக்கட்டே கிடையாது. பிள்ளை இல்லாததால் சொத்து சகோதரர் மகன் வழியாக டாம் கொனொலிக்குப் போனது. 1758இல் அவரை மணந்த லூயிசா லெனாக்ஸுக்கு அப்போது வயது 15. உள்ளே நீங்கள் ரசிக்கப்போவதில் பெரும்பகுதி இந்தப் பெண்ணின் தேர்வு. படிக்கட்டில் ஏறுமுன் கீழே நின்று அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லின் ஒரு முனை மட்டும் சுவருக்குள், மறுமுனைக்குக் கீழே தூண் எதுவும் இல்லை. கைப்பிடிக் கம்பிகள் பித்தளை. சுற்றுச் சுவரில் சுதை வேலை, லஃப்ரான்சினி குடும்பத்துக் கலைஞர்கள் செய்தது, அதில் வீட்டாரின் முகங்களும் இருக்கின்றன.

அச்சுப்பட அறையில் அவசரப்படாதீர்கள். லூயிசா அச்சடித்த படங்களை வெட்டி, காகிதச் சட்டங்களோடு நேரே சுவரில் ஒட்டிய அறை இது, அயர்லாந்தில் அந்தக் காலத்து அறை இப்படி முழுசாக மிஞ்சியது இங்கு மட்டும்தான். மாடியின் நீள்கூடம் 80 அடி, வெனிஸ் முரானோ கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்கும். ஆனால் அங்கே சன்னல் பக்கம் போய் வடக்கே பார்ப்பதுதான் முக்கியம். தூரத்தில் வளைவுகள் மேல் வளைவுகளாக 140 அடி உயர ஊசித் தூண் ஒன்று நிற்கும். 1740இல் கடும் உறைபனியில் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, வில்லியம் கொனொலியின் மனைவி கேத்தரின் ஊராருக்குக் கூலி வேலை கொடுக்கக் கட்டியது. பசித்தவர்களின் உழைப்பு மாளிகைச் சன்னலுக்குக் காட்சியாகவும் ஆகிவிட்டது, இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதெல்லாம் போய்விடும் நிலையில் இருந்தது. 1965இல் குடும்பம் விற்றது, சாமான்கள் ஏலம் போயின, ஆளில்லாத வீட்டின் கூரையிலிருந்து ஈயத்தைத் திருடினார்கள். 1967இல், பழைய மாளிகைகளைக் காக்கப் பாடுபட்ட டெஸ்மண்ட் கின்னஸ் சொந்தப் பணத்தில் வாங்கி, தன்னார்வலர்களோடு பழுது பார்த்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1994 முதல் அரசிடம் இருக்கிறது.

போகும் முன் திறக்கும் நாட்களை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பருவத்துக்கேற்ப மாறும். நேரம் குறைவென்றால் கீழ்த்தள வரவேற்பறைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம், படிக்கட்டையும் அச்சுப்பட அறையையும் நீள்கூடத்து சன்னலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.