ஊட்டி உறைபனியில் டீசல் அம்பாசிடரை ஸ்டார்ட் செய்வது

டிசம்பர் கடைசியிலிருந்து காந்தல், தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிர். பழைய 1489 சிசி டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிறவர்கள் அந்த நேரத்தில் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது ஹீட்டர் பிளக்கை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாமல் ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் பாய்கிறது. அந்த அறையின் சில்லிட்ட இரும்பு, வந்த சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான், கரண்டில் சூடேறி அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு. அதில் ஒன்று போனால் ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. மீதி மூன்றிலேயே வண்டி எழுந்துவிடும். ஜனவரியில் குட்டு வெளிப்படும்.

அதனால் குளிர் தொடங்கும் முன்பே பிளக்குகளைச் சோதித்துவிடுங்கள். நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறு ஒயரால் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை. எரியாவிட்டால் பிளக்கை மாற்ற வேண்டியதுதான். நான்கும் நன்றாக இருந்தால் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்; ரிலே போயிருக்கலாம்.

அடுத்தது பேட்டரி. பூஜ்ஜியம் டிகிரியில் அதன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆயிலும் கெட்டியாகிவிடுவதால் செல்ஃப் மோட்டாருக்கு வேலை கூடும். காலையில், எதையும் போடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். புது பேட்டரி வாங்கியும் சரியாகாத பல வண்டிகளில் கோளாறு அங்கேதான் இருக்கும். 20டபிள்யூ-40 ஆயில் ஓடுகிறது என்றால் அடுத்த முறை குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40 ஊற்றுங்கள்.

முந்தைய நாள் மாலையில் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில் ஈரம் படியாது. ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை இறக்குங்கள். கோடையில் போட்டு மாதக்கணக்கில் கிடக்கும் டீசல் வேண்டாம். குளிரில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். (லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019இல் கொண்டுவந்தார்கள். நமக்கு அதெல்லாம் தேவைப்படாது.) நனைந்த ஹேண்ட் பிரேக் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளலாம் என்பதால் கியரில் விட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

சரி, காலை. லைட், வைப்பர் எல்லாம் ஆஃப். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹீட்டர் பிளக்கை 20 விநாடி போடுங்கள். கிளட்சை முழுவதும் மிதியுங்கள். கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் வேலை மிச்சம். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தி 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லையா, ஒரு நிமிடம் விட்டு ஹீட்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அதற்குள் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் நேரம் போடுங்கள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. ஃபில்டர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்பின் கை லிவரை அடித்து, ஏர் ஸ்க்ரூவில் நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அதை அடித்தால் நேரம் தப்பி வெடித்து பிஸ்டன் உடையலாம். சம்ப்புக்கு (என்ஜின் ஆயில் தேங்கும் அடிப்பெட்டிக்கு) அடியில் தீ மூட்டுவதும் வேண்டாம். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது நம்மூரில் சாதாரணம்தான், ஆனால் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜின் ஓடாதவரை பெடல் கல் மாதிரி இருக்கும். எதிரில் ஆளில்லாத நேராக இறங்கும் சாலை கிடைத்தால் மட்டும், ஹீட்டர் போட்டுவிட்டு இரண்டாம் கியரில் விடுங்கள்.

பிடித்தவுடன் உறும விடாதீர்கள், ஆயில் மேலே ஏறட்டும். ஷெட்டுக்குள் நின்றால் கதவு திறந்திருக்கட்டும். ஓரிரு நிமிடத்தில் தட்டல் குறைந்து வெள்ளைப் புகை மெலிந்ததும் மெதுவாகக் கிளம்பலாம். புகை அப்படியே நின்றால் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.