பள்ளி விட்டதிலிருந்து விளக்கணைக்கும் வரை: இளையர் இல்லத்தில் மாலை ஷிப்ட்

சிங்கப்பூரில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இளையர் இல்லத்தில் ஆலோசகராகச் சேருகிற பலர், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசும் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சந்திப்பு வாரத்துக்கு ஒருமுறை நடந்தாலே பெரிது. பிள்ளைகள் வாய் திறப்பது தட்டுக் கழுவும் இடத்தில், குளிக்க நிற்கும் வரிசையில், அம்மாவின் போனுக்குக் காத்திருந்து அது வராமல் போன அரை மணி நேரத்தில். அதனால் இங்கே சொல்வதெல்லாம் மதியம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பத்தரைக்கு முடியும் மாலை ஷிப்டைப் பற்றியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொரு கோப்பிலும் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: இந்தப் பிள்ளை எந்த ஆணையின் பேரில் இங்கே இருக்கிறார்? சிங்கப்பூரின் சிறுவர், இளையர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர் சிறுவர். 14 நிரம்பி 18 ஆகாதவர் இளையர். 2019ல் வந்த திருத்தத்துக்கு முன் அந்த வரம்பு 16 வயதோடு நின்றது. வீட்டில் அடியும் புறக்கணிப்பும் தாங்காமல் பாதுகாப்புக்காக வந்தவர் இருப்பார். குடும்ப வழிகாட்டுதல் ஆணையின் கீழ் வந்தவர் இருப்பார். அந்த ஆணைக்கு முன்பிருந்த பெயர் ‘பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவர்’. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரும் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். யார் வந்து பார்க்கலாம், யாரோடு வெளியே போகலாம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். வாசலில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஓர் அம்மா நின்று, “ஒரு மணி நேரம் தேக்கா மார்க்கெட் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன் தம்பி” என்பார். கோப்பைப் படிக்காதவர் இரக்கப்பட்டு அனுப்பிவிடுவார். படித்தவர் அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிள்ளையின் வழக்கைக் கவனிக்கும் அதிகாரியான கேஸ் ஒர்க்கரை அழைப்பார்.

ஷிப்ட் தொடங்கும்போது பணி ஒப்படைப்புக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் முடித்தால் அன்றைக்கு ஏதோ ஒன்று தவறும். யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எந்த மருந்து மாறியது, யாருக்கு நீதிமன்றத் தேதி நெருங்குகிறது என்று கேளுங்கள். இவற்றோடு கேட்க மறந்துபோவது ஒன்று உண்டு: காலை ஷிப்டில் யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது? “சாயங்காலம் அக்காகிட்ட சொல்லி உங்க அப்பாவுக்குப் போன் போட்டுத் தர்றேன்” என்று காலையில் ஒருவர் சொல்லியிருப்பார். மாலையில் வந்தவருக்கு அது தெரியாது. ஏழு மணிக்கு நாற்காலி பறக்கும்போது, ‘காரணமே இல்லாமல் கோபப்பட்டான்’ என்று பதிவேட்டில் எழுதிவைப்பார்கள்.

பள்ளியிலிருந்து திரும்பிய முதல் அரை மணி நேரம் கேள்வி, கண்டிப்பு, வீட்டுப்பாடப் பேச்சு எதுவும் வேண்டாம். மைலோவும் ரொட்டியும் மேசையில் தயாராக இருக்கட்டும். பசி அடங்கிய பிறகே பேச்சு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலால், மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளைகளுக்கு வேறு கறி என்பது சமையலறைக்குத் தெரிந்திருந்தாலும், பரிமாறும் கரண்டி வரை நீங்களும் ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டில் தன்னை மதிக்கிறார்களா என்று பிள்ளைகள் உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

பையைச் சோதிப்பது இல்லத்தின் விதிப்படி, இரண்டு பெரியவர்கள் முன்னிலையில், பிள்ளையின் கண்ணெதிரே நடக்க வேண்டும். மின்சிகரெட் கிடைத்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். கையுறை போட்டு எடுத்து, உறையில் இட்டு, நேரம் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கேபாட் எனப்படும் மின்சிகரெட் குப்பிகளில் கலக்கப்படும் எடோமிடேட் என்ற மயக்க மருந்து, 2025 செப்டம்பர் 1ல் ‘சி’ வகைப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. எனவே இதை இல்லத்துக்குள்ளேயே பேசித் தீர்க்க இடமில்லை. பிள்ளை தள்ளாடினாலோ, கூப்பிட்டும் பதில் வராவிட்டாலோ, முதலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பிள்ளைகளோடு பேசும்போது ‘டா’, ‘டி’ விஷயத்தில் நிதானம் தேவை. சிரித்துக்கொண்டிருக்கும்போது “வாடா” என்பது நெருக்கம். அதே ‘டா’ கோபத்தில் வந்தால், அந்தப் பிள்ளையின் காதில் அவனை அடித்தவரின் குரல்தான் விழும். முதல் சில மாதங்களுக்குப் பெயர் சொல்லி அழைப்பதே நல்லது. அவர்கள் உங்களை அண்ணா, அக்கா என்பார்கள். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு பதிலுக்கு அதட்டாதீர்கள்.

கோபம் ஏறும்போது

முதலில் மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள். சுற்றி ஆட்கள் நின்றால் பின்வாங்குவது மானப் பிரச்சினை ஆகிவிடும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். மூன்று ஊழியர்கள் மாறி மாறிப் புத்தி சொல்வதுதான் நிலைமை கைமீறுவதற்குப் பெரும்பாலும் காரணம். இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கதவை மறைக்காதீர்கள். குரலைத் தாழ்த்தி, ஐந்தாறு சொற்களுக்குள் பேசுங்கள்: “கோபமா இருக்க. நான் இங்கயே இருக்கேன்.” சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும். அதை நிரப்பத்தான் “இப்படிப் பண்ணா வீட்டு விடுப்பு கிடைக்காது” என்ற மிரட்டல் வாயில் வந்துவிடுகிறது. தண்டனைப் பேச்சு அந்த நேரத்தில் ஒருபோதும் உதவாது.

உடலைப் பிடித்துக் கட்டுப்படுத்துவது, முறையான பயிற்சி பெற்றவர்கள், பிள்ளைக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும் செய்யக்கூடியது. குப்புறப் படுக்கவைத்து அழுத்தக் கூடாது. நெஞ்சிலோ முதுகிலோ கழுத்திலோ எடை வைக்கக் கூடாது. மூச்சு நின்று உயிர் போகும் அபாயம் இருக்கிறது, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். “மூச்சு விட முடியல” என்று பிள்ளை சொன்னால் நடிப்பா என்று யோசிக்காமல் உடனே விடுங்கள்.

அடங்கிய பிறகும் உடல் சமநிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்கு முன் உட்காரவைத்துப் பேசினால் இரண்டாவது வெடிப்பு வரும். தண்ணீர், முகம் கழுவுதல், பிறகு பேச்சு. “ஏன் செஞ்ச?” என்று தொடங்காமல், “அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று தொடங்குங்கள்.

ரகசியம் சொல்ல வரும் பிள்ளை

“அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். இதைக் கேட்டு அன்று பேசாமல் போகலாம். மறுபடி வருவதற்குக் கதவு திறந்திருக்கும்.

துன்புறுத்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். “மாமாவா?”, “இங்க தொட்டாரா?” போன்ற கேள்விகள் பிள்ளையின் வாயில் விடையை ஊட்டிவிடும், பின்னால் வரும் விசாரணையும் அதனால் பாழாகலாம். “அப்புறம்?” என்பது போதும். புகைப்படம் எடுக்க, காயத்தைத் தேட, சந்தேகப்படுபவரை அழைத்துக் கேட்க உங்களுக்கு வேலையில்லை. அதே ஷிப்டுக்குள் மேற்பார்வையாளருக்கும் கேஸ் ஒர்க்கருக்கும் தெரிவியுங்கள்.

எழுதும்போது ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. நம் பதிவேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. பிள்ளை சொன்னது தமிழில். “என்னைய ஒரு மாதிரி பண்ணாரு” என்று சொன்னதை நேரே ஆங்கிலத்தில் கடும் சொல்லாகவோ மென்சொல்லாகவோ மாற்றிவிட்டால், பிள்ளை சொல்லாத ஒன்று ஆவணமாகிவிடும். சொன்ன வாக்கியத்தை அப்படியே தமிழில் எழுதி, கீழே பொருளை எழுதுங்கள். எப்போது, எங்கே, யார் உடனிருந்தார்கள் என்பதும் வேண்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் புரியாத கூட்டங்களில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதும் இதே வகைத் தவறு. வேறு தமிழ் பேசும் ஊழியரைக் கேளுங்கள்.

மருந்து நேரம் அவசரமாக நடந்தால் அளவு தவறும், ஆள் மாறும். இரண்டு பேர் சேர்ந்து பெயர், மருந்து, அளவு, நேரம் சரிபார்த்துக் கொடுங்கள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லி, இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிச் சேர்த்துவைப்பது நடக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் எண்ணிக்கை பார்ப்பது அதனால்தான்.

ஞாயிறு மாலை தனி ரகம். வீட்டு விடுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வாசற்படியிலேயே மனத்தை விட்டுவிட்டு வருவார்கள். வீட்டுக்கே போகாதவர்கள் அவர்கள் கொண்டுவந்த முறுக்கையும் புதுச் சட்டையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குக் குழு நிகழ்ச்சி வைக்காதீர்கள். வீட்டுக்குப் போகாத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையே ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் ஞாயிறு இரவு பாதி அமைதியாக இருக்கும்.

விளக்கணைத்த பிறகு அறைகளைச் சுற்றிவரும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். சரியாக அரை மணிக்கு ஒருமுறை வந்தால் இடைவெளி எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஓர் ஆள் இருப்பதே பலருக்கு ஆறுதல். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். தனியாக விடாதீர்கள், கூரானவற்றையும் கயிறு போன்றவற்றையும் அகற்றுங்கள், மேற்பார்வையாளரை எழுப்புங்கள். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222 இரவிலும் இயங்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 995. 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றம் இல்லை. போலீசுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

பத்தரை மணிக்கு இரவு ஊழியரிடம் ஒப்படைக்கும்போது, நீங்கள் கொடுத்த வாக்குகளைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்: பெயர், என்ன சொன்னீர்கள், எந்த நேரத்துக்குள் என்று.