இரண்டு மூன்று வண்டிகளுக்குச் சிப் சாவி ஸ்பேர் போடுவது எப்படி?

பல வண்டிகளுக்கு ஒரே நாளில் ஸ்பேர் சாவி போட உட்காரும்போது, தகராறு பெரும்பாலும் சாவிகள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் வரும். வண்டிக்கு ஒரு பை எடுத்து, அதன் பழைய சாவிகளையும் புதியதையும் அதிலேயே போட்டுப் பதிவெண்ணை எழுதி ஒட்டுங்கள். ஒரு வண்டி முழுதாக முடியும்வரை அடுத்த பையைப் பிரிக்காதீர்கள்.

சிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்பது புரியும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பியோ கறுப்புக் கட்டியோ இருக்கும்; அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளைய ஆன்டெனா, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், அதற்குச் சக்தி கொடுக்கிறது. உடனே சிப் தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்புகிறது. இம்மொபிலைசர், அதாவது வண்டியின் திருட்டுத் தடுப்புக் கருவி, அதை ஏற்றால்தான் எஞ்சின் ஓடும். அந்த அடையாளத்தை வண்டி நினைவில் வைக்கச் செய்வதுதான் பதிவது. வளையத்தின் பக்கத்தில் இன்னொரு சிப் தொங்கினால் இரண்டு பதிலும் மோதிக்கொள்ளும். அதனால் சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு, ஒற்றைச் சாவியோடு மட்டும் உட்காருங்கள்.

கதவு திறக்கும் ரிமோட் வேறு சமாச்சாரம். பேட்டரி அதற்குத்தான். பல வண்டிகளில் சிப்பைப் பதிந்தாலும் ரிமோட்டைத் தனியாகப் பதிய வேண்டியிருக்கும்.

முதலில் இவற்றைச் சரிபாருங்கள்

சாவியில் சிப் இருக்கிறதா என்று சந்தேகமா? ஓடுகிற பழைய சாவியின் தலையை அலுமினியத் தாளால் இறுக்கச் சுற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் பிடிக்காமலோ, பிடித்த ஓரிரு நொடியில் நின்றோ போனால் சிப் இருக்கிறது.

அடுத்து சிப் வகை. வெளியே ஒரே மாதிரி தெரியும் வெற்றுச் சாவிகளுக்குள் (இன்னும் வெட்டாத புதுச் சாவிகள்) வேறு வேறு சிப் இருக்கும். பல டொயோட்டா சாவிகளின் உலோகத் தண்டில், தலையை ஒட்டி, ஜி அல்லது ஹெச் என்ற எழுத்து பொறித்திருக்கும். ஜி சிப் கேட்கும் வண்டியில் ஹெச் போட்டால் எத்தனை முறை முயன்றாலும் பதியாது. ஐடி46 போன்ற சிப் வகைகள் பல மாடல்களில் ஒரு வண்டிக்கு எழுதியதும், மாற்றி எழுத முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பழைய சாவியை வேறு வண்டிக்கு மாற்றலாம் என்று வாங்கிவிடாதீர்கள்.

வெட்டிய சாவி கதவிலும் இக்னிஷனிலும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். பதிவு நடக்கும்போது நொடிக்கணக்கு ஓடும். சாவி சிக்கினால் முழுதும் திரும்ப முதலிலிருந்துதான். வண்டி பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இக்னிஷன் நீண்ட நேரம் ஆனில் இருக்கும் முறைகளுக்கு சார்ஜர் இணைத்துக்கொள்வது நல்லது.

கருவி இல்லாமல் பதிவது

சில வண்டிகளில் சாவிகளை வைத்தே பதியலாம். பழைய ஃபோர்டு மாடல்கள் பலவற்றில் ஏற்கெனவே பதிந்த, தனித்தனியான இரண்டு சாவிகள் தேவை:

1. முதல் சாவியைப் போட்டு ஆனில் 3 நொடிக்குக் குறையாமல், 10 நொடிக்கு மிகாமல் வையுங்கள். ஆஃப் செய்து எடுங்கள்.
2. 10 நொடிக்குள் இரண்டாவது சாவியைப் போட்டு அதே போல் செய்யுங்கள்.
3. உடனே, 10 நொடிக்குள், புதுச் சாவியைப் போட்டு ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டில் திருட்டுத் தடுப்பு விளக்கு சுமார் 3 நொடி எரிந்து அணைந்தால் பதிந்துவிட்டது.

தவறினால் கொஞ்சம் பொறுத்து முதல் படிக்கே போங்கள். இடைவெளிகள் மாடலுக்கு மாடல் சற்று மாறும்; உரிமையாளர் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை.

ஜெனரல் மோட்டார்ஸின் சில மாடல்களில் பதிந்த சாவி இல்லாமலே பதியலாம். புதுச் சாவியை ஆனில் வைத்தால் செக்யூரிட்டி விளக்கு சுமார் 10 நிமிடம் எரிந்து அணையும். ஆஃப் செய்து 5 நொடி விட்டு மறுபடி ஆன். மொத்தம் மூன்று தடவை. ஆனால் இதில் பழைய சாவிகள் எல்லாம் அழிந்துபோகும். அவற்றையும் திரும்பப் பதிய வேண்டும்.

ஓபிடி கருவியால் பதிவது

ஓபிடி என்பது வண்டியின் கணினியோடு பேசுவதற்கான சோதனைச் சாக்கெட். அதில் கருவியைச் செருகியதும் முதல் வேலை, எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று படித்துக் குறிப்பது. பிறகு மெனுவைக் கவனியுங்கள்: சாவி சேர்ப்பது வேறு, எல்லாவற்றையும் அழித்துப் பதிவது வேறு. இரண்டாவதை அழுத்தினால் அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவி செத்துவிடும். அவரவர் கையில் இருக்கும் சாவிகளை எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைப்பது இதற்காகத்தான். முடிந்ததும் எண்ணிக்கையைத் திரும்பப் படியுங்கள். 2 இருந்தது 3 ஆகியிருக்க வேண்டும்.

நகல் சிப் போடும் வழியும் உண்டு. பழைய சிப்பின் அடையாளத்தையே புதியதில் எழுதுவார்கள். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவி. அதனால் ஒன்று தொலைந்து அதை மட்டும் நீக்க நினைத்தால் இரண்டுமே போய்விடும். இரண்டு சாவி கேட்கும் ஃபோர்டு முறைக்கும் இது உதவாது.

எஞ்சின் பிடித்து உடனே நின்றால்

பல வண்டிகளில் சிப்பை ஏற்காததற்கு இதுதான் அடையாளம். பக்கத்தில் வேறு சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பழைய சாவியைப் போட்டுப் பாருங்கள். பழையது ஓடினால் கோளாறு புதுச் சிப்பில் அல்லது பதிவில். தலையைத் திறந்து சிப் உள்ளே இருக்கிறதா, கண்ணாடிக் குப்பியில் விரிசல் உண்டா என்று பாருங்கள். கீழே விழுந்தால் அது உடையும். பழையதும் ஓடவில்லையென்றால் பேட்டரி வோல்ட்டை அளந்துவிட்டு, செக்யூரிட்டி விளக்கு அணையும்வரை பொறுங்கள். அடுத்தடுத்து முயன்றால் சில வண்டிகள் இன்னும் நீண்ட நேரம் பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு சாவியாலும் மூன்று தடவை ஸ்டார்ட் செய்து, பதிவெண் அட்டையைக் கட்டுங்கள். ஸ்பேரைப் பழைய சாவியின் வளையத்திலேயே கோத்துவிடாமல் தனியாக வையுங்கள்.